நாற்பது விநாடித் தமிழ்

1998 பெப்ரவரி 3, செவ்வாய். ஜெர்சி சிட்டி

இல்லை, யாரும் செல்வராஜா அங்கிளைக் கட்டாயப்படுத்தவில்லை. கமெராவை நிறுத்தவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கைகாட்டிவிட்டுத்தான் தமிழுக்கு மாறினார்.

இயக்குநர் ஹெலன் எடுக்கும் ஆவணப்படம் அமெரிக்கப் பெட்ரோல் நிலையங்களின் வரலாறு. நியூ ஜெர்சியில் இன்னும் கார்க்காரர் தானே நிரப்பக்கூடாது, அது சட்டம். அதனால் கடைசிப் பகுதி இங்கே. நிரப்புகிறவர் செல்வராஜா அங்கிள், ஒரு காலத்தில் பருத்தித்துறையில் தபால் அதிபர். ஹெலனின் உதவியாளரான நான்தான் அவரைத் தேடிக் கொடுத்தேன். அனுமதிப் படிவத்தை அவர் வாசிக்கவில்லை. "நீ கொண்டுவந்தாச் சரிதானே பிள்ளை" என்று கையெழுத்து வைத்தார்.

பெப்ரவரி 5

அங்கிள் தமிழில் சொன்னதை ஹெட்ஃபோனில் பதினொரு தடவை கேட்டேன். நாற்பது விநாடிகள். இந்தக் கொப்பியில் மட்டும் எழுதுகிறேன்.

"மகளின்ரை கலியாணத்துக்குப் போனனான். தொண்ணூத்தஞ்சிலை, கொழும்புக்கு. வேற ஆளின்ரை பாஸ்போட். தாரை வாத்துக் குடுத்தது தம்பி. நான் தாடியோடை கடைசிப் பந்தியிலை இருந்து சாப்பிட்டிட்டு வந்தனான். அவளுக்கு இண்டைவரைக்கும் தெரியாது."

அவருடைய அகதி வழக்கு மே மாதம், நியூவார்க்கில். மனுவில் இருப்பது: தொண்ணூற்றொன்றில் இங்கே வந்தபின் ஒருநாளும் திரும்பிப் போகவில்லை, போனால் உயிருக்கு ஆபத்து. படம் ஏப்ரலில் தொலைக்காட்சியில் வருகிறது.

பெப்ரவரி 6

"அந்த முகம்தான் என் படம்," என்கிறார் ஹெலன். "என்ன சொல்கிறார்?"

ஒலி தெளிவில்லை என்றேன். கஷ்டமாக இருந்தால் வேறு தமிழர் ஒருவரைப் பிடிக்கலாம் என்றார். அக்கறையாகத்தான் சொன்னார்.

ஆக, நான் மறுத்தால் இன்னொருவர் ஒழுங்காக மொழிபெயர்த்துக் கொடுப்பார்.

பல்கலைக்கழகத்தில் போன பருவத்தில் ஒரு கட்டுரை எழுதினேன்: பழைய ஆவணப்படங்களில் பூர்வகுடிகளின் வாயில் திணிக்கப்பட்ட ஆங்கிலம் பற்றி. திருட்டு என்று எழுதியிருந்தேன். நல்ல மதிப்பெண். இப்போது?

பெப்ரவரி 8, ஞாயிறு

பெட்ரோல் நிலையத்துக்குப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் சின்ன ஹீட்டர். முதலில் தேத்தண்ணி குடிக்கவைத்தார்.

"ஏன் அங்கிள் அதைச் சொன்னனீங்கள்?"

"தமிழிலைதானே சொன்னனான். இந்த ஊரிலை ஆருக்கு விளங்கும்?"

"எனக்கு விளங்குது. நான்தான் கீழை இங்கிலீஷிலை போடோணும்."

ஒரு கார் வந்தது. போய் நிரப்பிவிட்டு வந்தார். கையைத் துடைக்க வெகுநேரம் எடுத்தார்.

"வெட்டச் சொல்லட்டே?"

"வெட்டாதை. எனக்குப் படத்தின்ரை கசெற் ஒண்டு வேணும், மகளுக்கு அனுப்ப. கடிதம் எண்டா உடைச்சு வாசிப்பாங்கள். பெட்ரோல் படத்தை ஆர் இருந்து முழுக்கப் பாக்கப்போறான்?"

"கேஸ்?"

"அதுக்குத்தானே நீ இவ்வளவு படிச்சனீ."

சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. என்ன நினைச்சுக்கொண்டு இருக்கிறார் இந்த மனிசன்? பொய்யை நான் எழுதோணும், அவர் கசெற் அனுப்புவார் – ரயிலில் வரும்போதும் அது ஆறவில்லை.

பெப்ரவரி 12

சப்டைட்டிலை எழுதிவிட்டேன்.

'என் மகளின் திருமணம் கொழும்பில் நடந்தது. என்னால் போக முடியவில்லை. தந்தையின் இடத்தில் என் தம்பி நின்றான். அன்றும் இங்கே பெட்ரோல் நிரப்பிக்கொண்டிருந்தேன்.'

அவர் 'தம்பி' என்று சொல்லும் இடத்தில் தம்பி வருகிறான். நாற்பது விநாடிக்குள் அடங்குகிறது. இவ்வளவு சுலபமாக அடங்கியிருக்கக் கூடாது.

பெப்ரவரி 13

ஹெலன் வாசித்துவிட்டு அழுதார். என்னைக் கட்டிப்பிடித்தார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 16

பல்கலைக்கழகத்தில் முன்காட்சி. அந்த இடத்தில் நிறையப் பேர் மூக்கைச் சிந்தினார்கள். பொறியியல் படிக்கும் கஜன் எனக்குப் பக்கத்தில் இருந்தான்.

"அக்கா, அவர் போனனான் எண்டல்லோ சொன்னவர்?"

"ஓம்."

"பிறகேன் இப்பிடிப் போட்டிருக்கு?"

"உங்கட அப்பாவின்ரை கேஸ் முடிஞ்சுதோ, கஜன்?"

அவன் முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டான். நான் அப்படிக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

மே 14

அங்கிளுக்கு அகதி அனுமதி கிடைத்துவிட்டது. "சரி பிள்ளை" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மே 31, ஞாயிறு

கசெற்றை இலங்கை வீடியோ டெக்கில் ஓடும்படி மாற்றி அனுப்பியிருந்தேன். நேற்று மகள் தர்சனா கொழும்பிலிருந்து அவருக்குப் போன் எடுத்தாளாம். படத்தைப் பார்த்தவுடன் தன் கலியாண வீடியோவைப் போட்டு, சாப்பாட்டுப் பந்தியை நிறுத்தி நிறுத்தித் தேடியிருக்கிறாள்.

"கண்டுபிடிச்சிட்டாள்," என்றார் அங்கிள், கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து. "தூணுக்குப் பக்கத்திலை இருக்கிறனாம். வடையைத் தொடாமல் எழும்பிப் போயிட்டனாம். ஏனப்பா அதைச் சாப்பிடேல்லை எண்டு கேக்கிறாள். மூண்டு வருசத்துக்குப் பிறகு."

வெளியே யாரோ ஹோர்ன் அடித்தார்கள். நிரப்பப் போய்விட்டார்.

ஹெலனைக் கூப்பிட்டேன். இனி எடுக்கும் பிரதிகளில் மொழிபெயர்ப்பு என்ற வரியில் என் பெயர் வேண்டாம் என்றேன். ஏன், அவ்வளவு நன்றாகச் செய்தாயே என்றார். பெயரின் எழுத்துகளைச் சொல்லி, எடுக்கவேண்டிய வரியைக் காட்டி, ஃபாக்ஸ் ஒன்றும் அனுப்பினேன்.