கூரையைச் சுற்றிய சிவப்பு வட்டம்

பாலையூற்று,
திருகோணமலை.
26.08.2007

அன்பு மகன் ரூபனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி நிறோஜினியும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். நீ அங்கே நோய் நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, வேலை வேலை என்று ஓடி உடம்பைக் கெடுக்காமல் இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளியும் காளி அம்மாளிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். இந்தக் கடிதத்தை இங்கே தபாலில் போடவில்லை. நிறோவோடு படிக்க வரும் பரீனாவின் வாப்பா ஜவாஹிர் நானா மீன் லொறியோடு கொழும்புக்குப் போகிறார், அங்கே போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். வாசித்ததும் கிழித்துவிடு. போனில் கதைக்கும்போது இதில் உள்ள ஒன்றையும் கேட்காதே. எங்கள் போனில் நீயும் நாங்களும் மட்டும்தான் இருக்கிறோம் என்று எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை.

தம்பி, ஆனி மாதத்தில் இருந்து உனக்கு ஒரு பொய் சொல்லிக்கொண்டு வருகிறோம். நீ அனுப்பிய கம்பியூட்டர் பழுதாகிவிட்டது, திருத்தக் கொடுத்திருக்கிறோம், அதுதான் நீ கம்பியூட்டரில் எடுக்கிற ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு நிறோ வரவில்லை என்று அப்பா சொன்னார். நீயும் நம்பினாய், அல்லது நம்பியதுபோல் இருந்தாய். சரி, பாடங்களைத் தாளில் எழுதித் தபாலில் அனுப்பட்டா அம்மா என்று கேட்டாய், நான் அவசரப்பட்டு வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். கம்பியூட்டர் பழுதாகவில்லை ராசா, அதை வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பயப்படாதே, அன்று பின்னேரமே அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மிச்சத்தை ஆறுதலாக எழுதுகிறேன், நீயும் ஆறுதலாக வாசி.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதை நான் உனக்கு ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. அந்தக் கம்பியூட்டர்ப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் இருந்து உன் தங்கச்சி வேறு ஆளாகிவிட்டாள். போன வருசம் நவராத்திரிக்குள் வந்து சேர்ந்தது, வழியில் மூன்று இடத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தார்களாம். அப்பா அதைப் புத்தகங்களோடு சரஸ்வதி பூசையில் வைத்துப் பொட்டும் வைத்து, விசயதசமி வரையும் ஒருவரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டார். நிறோ நாலு நாளும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு பார்த்தால் இரவில் அதன் மேல் துணி போர்த்தி மூடுகிறதும் அப்பாதான், காலையில் எடுத்து மடிக்கிறதும் அவர்தான், எனக்குக் காய்ச்சல் வந்த நேரம் கூட இந்த மனிசன் இப்படிப் போர்த்தி விட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் கணித மாஸ்டர் மாற்றம் எடுத்துப் போய் ஒன்றரை வருசம், புதிய ஆள் வரவில்லை. பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். சோதனைக்கு இணைந்த கணிதம் எடுக்கிற ஐந்து பெண் பிள்ளைகளும் எங்கள் விறாந்தையில் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு நீ எப்போது லைனில் வருவாய் என்று பார்த்துக்கொண்டு இருப்பார்கள். உன் குரல் விட்டு விட்டு வரும், சில நேரம் பாதியில் லைன் அறுந்துவிடும், அந்த நேரத்துக்குள் அவர்கள் தங்களுக்குள் கதைத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். வகுப்பில் ஒரு தரம் கேட்டு விளங்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்கிற நிறோ, அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்து அண்ணா திரும்பச் சொல்லுங்கோ, இன்னொருக்காச் சொல்லுங்கோ என்று நாலு தரம் கேட்டாள். எங்கேயோ லண்டன் பிள்ளைகள் செய்கிற பயிற்சியை அதில் எடுத்துத் தானும் செய்வாள், பிழை என்று அது அந்த நிமிடமே காட்டும். நான் கேட்டேன், பிழை விட வெட்கமாக இல்லையா என்று. அது ஏசாதம்மா, பிழை எண்டு மட்டும்தான் சொல்லும் என்றாள். அப்பாவுக்குத்தான் ஒரு குறை, கொப்பி நிரப்பாமல் என்ன படிப்பு, கை வலிக்க எழுதினால்தானே மண்டையில் ஏறும் என்று முணுமுணுப்பார். இவர்கள் ஒன்றையும் எழுதுவதில்லை, எல்லாம் அதுக்குள்ளே இருக்குது என்பார்கள். நான் பிள்ளைகளின் பக்கம்தான் நின்றேன், காலம் மாறிவிட்டது என்று அவருக்குப் பெரிய விளக்கம் எல்லாம் கொடுத்தேன்.

இனி அந்தப் படத்தின் கதை. பங்குனி மாதம் நீ ஒரு படம் அனுப்பினாய் அல்லவா, வானத்தில் இருந்து எடுத்தது, எங்கள் வீட்டுக் கூரையைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் கீறி, அம்மா இது எங்கட வீடு, பின்னால தெரியிறது மாமரம் என்று எழுதியிருந்தாய். நீ இருக்கிற இடத்தில் இருந்து எங்கள் முற்றத்தைப் பார்க்கிறாய் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்தான் நிறோவைக் கரைச்சல்படுத்தி அதைக் கடையில் கொடுத்துப் பெரிதாக எடுப்பித்தேன். பிள்ளைகள் வெளியில் இருக்கிற வீடுகளில் விறாந்தைச் சுவரில் அவர்களின் கலியாணப் படமும் பட்டம் வாங்கிய படமும் தொங்குகிறது, என்னிடம் உன்னுடைய அப்படி ஒரு படமும் இல்லை, ஆனால் இதில் உன் கை கீறிய வட்டம் இருக்கிறது என்று நினைத்துக் கண்ணாடி போட்டுக் கம்பியூட்டருக்கு மேலே மாட்டினேன். வருகிறவர்கள் எல்லாருக்கும் காட்டினேன். இந்த ஊரில் இருந்துகொண்டு அதை மாட்டியிருக்கிறேன், என் புத்தியைப் பார். எனக்குக் கண்ணில் பட்டது கூரையும் மாமரமும் மட்டும்தான். அந்தப் படத்தின் கீழ் ஓரத்தில் துறைமுகமும் இறங்குதுறையும் அங்கே கட்டி நிற்கிற நேவிக் கப்பல்களும் இருந்ததை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. தினமும் தூசு தட்டிய படம்.

ஆனி பதினான்காம் தேதி காலையில் ஆமிக்காரர் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். அப்பா அரசாங்கக் கச்சேரிக்கு வேலைக்குப் போய்விட்டார். வந்தவர்கள் மரியாதையாகத்தான் வந்தார்கள், வீட்டுக்காரர் பட்டியலைப் பார்த்தார்கள், ஆட்களை எண்ணினார்கள். போகிற நேரம் ஒருவர் சுவரைப் பார்த்தார். பிறகு மற்றவரைக் கூப்பிட்டார். யார் இந்த வட்டத்தைப் போட்டது என்று கேட்டார்கள். நிறோ தனக்கு இங்கிலிஷ் தெரியும் என்று முன்னுக்கு வந்து, என்ர அண்ணா, கனடாவில இருக்கிறார் என்று சொன்னாள். அவள் உண்மையைத்தான் சொன்னாள். படம், கம்பியூட்டர், நீ அனுப்பி அவள் அச்செடுத்து வைத்திருந்த கணக்குத் தாள்கள் எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக்கொண்டு அவளையும் ஏறச் சொன்னார்கள். நானும் ஏறினேன், இறங்கச் சொன்னார்கள், நான் இறங்கவில்லை. காம்பில் என்னை வெளி வாங்கில் இருத்திவிட்டு அவளை உள்ளே வைத்து ஏழு மணித்தியாலம் கேட்டார்கள். படத்தைப் பற்றிக் கேட்டதைவிடத் தாள்களைப் பற்றிக் கேட்டதுதான் கூடவாம். இந்த நீட்டு வளைவுக் குறி என்ன, அதற்கு மேலும் கீழும் ஏன் சின்ன இலக்கம், யாருக்கு என்ன செய்தி என்று. அது தொகையீடு, சோதனைக்கு உள்ளது என்று சொல்லி ஒரு கணக்கை அவர்களுக்கு முன்னால் செய்தும் காட்டினாளாம். அவர்களில் ஒருவர் கவனமாகக் கேட்டுவிட்டு, பிறகும் முதலில் இருந்து தொடங்கினாராம். அப்பா ஊர் அதிகாரி விதானையாரைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்து கையெழுத்து வைத்துத்தான் அவளை வெளியே எடுத்தோம். ஒவ்வொரு புதனும் காலையில் அவள் போய்ப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கவேண்டும் என்று சொல்லி விட்டார்கள். தம்பி, இதில் உன் பிழை ஒன்றும் இல்லை. நீ ஆசையில் அனுப்பினாய், சுவரில் மாட்டியது நான்.

அதற்குப் பிறகு மற்றப் பிள்ளைகளின் வீட்டில் அனுப்பவில்லை. நான் குறை சொல்லமாட்டேன், நானாக இருந்தாலும் அனுப்பியிருக்கமாட்டேன். பரீனா மட்டும் வந்தாள். மூதூர்ச் சண்டையில் குடும்பத்தோடு வீட்டை விட்டு ஓடி வந்து ஒரு வருசப் படிப்பைத் தொலைத்த பிள்ளை, உன்னுடைய பாடத்தைப் பிடித்துத்தான் மேலே வந்தவள். ஜவாஹிர் நானா என்னிடம், இதுக்கு மேல பயந்து என்ன தங்கச்சி, வரட்டும் என்றார். ஆடியில் கம்பியூட்டரைத் திருப்பித் தந்தார்கள். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது, அப்பா அதைப் போர்த்துகிற துணியைத் தோய்த்துக் காய வைத்தார். நிறோ போட்டுப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. ஒன்பது மாதப் பாடம், பயிற்சி, நீ விளங்கப்படுத்திய குரல், ஐந்து பிள்ளைகளின் நோட்டும் அதற்குள்தான் இருந்தது, ஒரு கொப்பியிலும் இல்லை. நான் அப்பவே சொன்னனான் என்று அப்பா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டையாவது பிடித்திருப்பேன். நினைவில் இருந்ததை வைத்து இரண்டு பேரும் பழைய கொப்பி ஒன்றில் திரும்ப எழுதத் தொடங்கினார்கள்.

கணிதப் பேப்பர் புதன்கிழமை விழுந்தது. அதற்கு முந்தின கிழமையே காம்பில் போய்ச் சொன்னோம், சரி, அன்றைக்கு வெள்ளென வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள் என்றார் அங்கே இருந்தவர். புதன் காலை ஆறு மணிக்கு நானும் அவளும் காம்ப் வாசலில் நிற்கிறோம். வெள்ளைச் சட்டை, அனுமதி அட்டை, அடையாள அட்டை, இரண்டு பேனை. வாசலில் நின்றவர் புதியவர். முதல் இருந்தவர் மாறிப் போய்விட்டாராம். கையெழுத்துப் புத்தகம் பெரியவரின் அறையில் பூட்டி இருக்கிறது, அவர் வந்தால்தான் என்றார். கையெழுத்து வைக்காமல் போகலாமா என்று நிறோ கேட்டாள், போகலாம், பிறகு வீட்டுக்கு நாங்கள் வருவோம் என்றார். எட்டரைக்குச் சோதனை தொடங்குகிறது. எட்டே முக்காலுக்குப் புத்தகம் வந்தது. ஓட்டோ பிடித்துப் பறந்தோம், சந்தியில் பாதை மூடிவிட்டார்கள், கப்பலுக்கு ஆமி ஆட்கள் போகிற பஸ் வரிசை முடியும் வரைக்கும் ஒருவரும் அசையக்கூடாது. அவள் இறங்கி ஓடுவம் அம்மா என்றாள், ஓடினால் சுடுவார்கள் என்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மண்டப வாசலுக்குப் போக ஒன்பதரை. அரை மணித்தியாலம் பிந்தினால் விடுகிறதில்லை. அங்கே நின்ற ரீச்சர் பாவம், கும்பிட்டு மன்னிப்புக் கேட்டா, சட்டத்தை மாத்த ஏலாது என்றா. ஒரு வாசற்படியைத் தாண்டினால் எட்டுகிற தூரத்தில் மற்றப் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டு இருந்தார்கள். நிறோ அழவில்லை. எனக்குப் பசிக்குது என்றாள்.

பின்னேரம் பரீனா கேள்வித்தாளோடு வந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, வேறு மண்டபம். ரூபன் அண்ணா செய்து காட்டின கணக்கு அப்படியே வந்திருக்குதடி என்று படலையிலேயே சொல்லிக்கொண்டு வந்தவள், நிறோவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். நிறோ கேள்வித்தாளை வாங்கிக்கொண்டு குசினி மேசையில் இருந்தாள். மணிக்கூட்டைப் பார்த்து மூன்று மணித்தியாலம், தண்ணீர் கூடக் கேட்கவில்லை. பதினொரு தாள் எழுதினாள். பரீனா பக்கத்தில் இருந்து சரி பார்த்தாள், ஒரு பகுதி மட்டும்தான் பிழை, மற்றதெல்லாம் சரி ஆன்ரி என்று சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள். மிச்சப் பேப்பர்களுக்கு நிறோ போகவில்லை. ஒன்று போனால் பல்கலைக்கழகம் இல்லை, பிறகு என்னத்துக்கு என்றாள். அடுத்த வருசம் எடுக்கலாம் என்கிறார் அப்பா. அடுத்த வருசமும் புதன்கிழமைகள் வரும். எனக்கு நம்பிக்கை இல்லை மகன், உனக்கு முன்னால் இருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

தபாலில் பாடம் அனுப்பவேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்று இப்போது விளங்கியிருக்கும். அந்தக் குறிகள் உள்ள தாள் ஒன்றும் இனி இந்த வீட்டுக்கு வரக்கூடாது. இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது. அவள் செய்த அந்தப் பதினொரு தாளையும் அடுத்த நாள் காலையில் நான்தான் அடுப்பில் வைத்தேன். ஒழுங்கையில் ஜீப் சத்தம் கேட்டது, எனக்குப் புத்தியில் வேறு ஒன்றும் ஓடவில்லை. ஜீப் நிற்காமல் போய்விட்டது. திரும்பிப் பார்க்கிறேன், நிறோ குசினி வாசலில் நிற்கிறாள். என்னை ஒன்றும் ஏசவில்லை. உள்ளே போய், இரண்டு பேரும் சேர்ந்து திரும்ப எழுதிய கொப்பியைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டுப் போனாள்.

நீ குளிர் தொடங்க முன்னம் நல்ல சப்பாத்து ஒன்று வாங்கு, போன வருசம் போல் இருமலோடு திரியாதே. காளி அம்மாளும் கோணேசரும் உன்னைக் காப்பாற்றுவார்கள். உன் பிறந்த நாளுக்கு அருச்சனை செய்வேன், அன்றைக்காவது கோயிலுக்குப் போ. மறக்காமல் ஒன்று செய். அடுத்த முறை நீ போன் எடுக்கும்போது நிறோ கதைப்பாள், நான் உனக்கு எழுதியது அவளுக்குத் தெரியாது. அண்ணாட்ட நான் சோதினை எடுத்தனான், பேப்பர் நல்லாச் செய்தனான் எண்டு சொல்லுங்கோ அம்மா, அதில பொய் இல்லைத்தானே என்று என்னிடம் கேட்டிருக்கிறாள். உன்னிடமும் அப்படித்தான் சொல்லுவாள். எந்தக் கேள்வி லேசு, எது கஷ்டம் என்று கேள். அவள் எல்லாம் சொல்லுவாள்.

என்றும் உன்னை நினைத்தபடி இருக்கும்
அம்மா
ஞா. புஷ்பவதி