கேரவன் எனக்கு, பந்தல் அவருக்கு

ஏப்ரல் 8, செவ்வாய்

வக்கீல் கடிதம் வந்தது. முப்பத்தொரு வருடக் கல்யாணத்தை இரண்டு பக்கத்தில் பிரித்து முடித்துவிட்டார்கள். காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி, அதாவது கேரவன், எனக்கு. அதன் பக்கவாட்டில் மாட்டும் துணிப்பந்தல் கிளைவுக்கு.

மாட்ட வண்டி இல்லாமல் பந்தலை வைத்துக்கொண்டு மனிதர் என்ன செய்வார்? போர்த்திக்கொள்வாரா? தொலைபேசியில் கேட்டேன்.

"இத்தனை வருஷமா அதை நிறுத்தினவன் நான், ரோஸ்."

நிறுத்தியது அவர்தான். மழையில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு திட்டு வாங்கியது யாராம்? போனை வைத்தேன்.

ஏப்ரல் 12, சனி

தங்கை ஹேசலோடு பந்தல் கடைக்குப் போனேன். பெரிய கூடம் முழுக்க விதவிதமாய் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் சாய்வு நாற்காலி, பிளாஸ்டிக் செடி, இரண்டு ஒயின் கோப்பை. காற்றும் மழையும் சேறும் இல்லாத வேறு ஏதோ ஒரு இங்கிலாந்து அது.

கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார் வரலியா மேடம்?"

"வண்டிக்குத்தான் அளவு வேணும், சாருக்கு இல்ல," என்றாள் ஹேசல்.

அளவு எடுக்கும் விதத்தைச் சொன்னார். முன்பக்கம் தரையில் தொடங்கி, கேரவனின் விளிம்பில் ஓடும் காடிப் பள்ளம் வழியே கூரைக்கு ஏறி, பின்பக்கம் தரைக்கு இறங்க வேண்டும். அந்தக் காடியில்தான் பந்தலைக் கோத்து இழுப்பார்கள். பந்தலில் இரண்டு ஜாதி. ஒன்றுக்குக் கம்பங்கள். இன்னொன்றுக்குக் குழாய்கள், பம்பால் காற்றடித்தால் தானே எழுந்து நிற்குமாம்.

"கம்பமே கிடையாதா?"

"ஒண்ணுகூடக் கிடையாது மேடம்."

விலையைக்கூடக் கேட்காமல் அதுதான் என்றேன்.

"ஆனா மாட்டுறதுக்கு ரெண்டு பேர் வேணும்," என்றார், பாவம் பார்க்கிற குரலில்.

ஏப்ரல் 13, ஞாயிறு

துணி காயப்போடும் கயிற்றால் அளந்தோம். மூன்று முறை, மூன்று அளவு. நான்காவது முறைக்கு முன்னால்தான் ஹேசல் குனிந்து பார்த்தாள். "அக்கா, ஒரு டயர்ல காத்தே இல்ல. வண்டியே சாஞ்சு நிக்குது."

மே 2, வெள்ளி

உயிரோடு இருக்கிறேன்.

எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று பந்தல் மூட்டையைக் கேரவனின் கடைக்கோடியில் வைத்திருந்தேன். நெடுஞ்சாலையில் கேரவன் வாலாட்ட ஆரம்பித்தது. முதலில் பூனை போல, பிறகு மாடு போல. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வந்தவன் முகமே வெளுத்திருந்தது. பிரேக்கைத் தொடவில்லை. வேகத்தை மெல்லக் குறைத்து ஓரங்கட்டினேன். பத்து நிமிடம் அழுதேன். முட்டை சாண்ட்விச் தின்றேன். மூட்டையைத் தரதரவென்று இழுத்துவந்து சக்கரத்துக்கு நேர் மேலே போட்டேன். அதன் பிறகு வண்டி சொன்னபடி கேட்டது.

கனம் நடுவில் இருக்கவேண்டும் என்பதை அந்த மனுஷன் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர் எதற்கு!

மே 3, சனி

நார்தம்பர்லாந்து. கடலோர முகாம். நல்ல காற்று.

மூட்டையை அவிழ்த்த இரண்டாவது நிமிடம் முதல் ஆண் வந்தார். ஐந்தாவது நிமிடத்தில் நான்கு பேர். எல்லோரும் அரைக்கால் சட்டை, எல்லோர் கையிலும் ஒரு தேநீர்க் குவளை.

"தனியாவா வந்திருக்கீங்க? அடடா."

"முதல்ல முளை அடிக்கணும்மா."

"யார்யா சொன்னது? முதல்ல காத்து."

"என் பந்தலப் போய்ப் பாருங்க, அதுக்கப்புறம் பேசுங்க."

அவர்களே கோத்தார்கள், அவர்களே இழுத்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து ஜிப்பின் பிடி உள்பக்கம் இருப்பதைக் கண்டார்கள். துணியின் உள்பக்கம் வெளியே தெரிய மாட்டப்பட்டிருந்தது. தயாரித்தவனுக்கு மூளை இல்லை என்பதில் மட்டும் நால்வரும் ஒத்துப்போனார்கள். பிறகு தொலைக்காட்சியில் கால்பந்து தொடங்க, துக்க வீட்டிலிருந்து போவது போலச் சொல்லிக்கொள்ளாமல் கலைந்தார்கள்.

கழற்றினேன். விளக்கக் குறிப்பைப் படித்தேன். (அவர்கள் யாரும் தொடாத ஒரே பொருள் அதுதான்.) காடிக்குள் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஏணியில் ஏறி ஒரு முழம் இழுப்பது, இறங்கி அந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளுவது, மறுபடி ஏறுவது. இரண்டு பேர் வேலைதான். இரண்டு பேராகவும் நானே இருந்தேன். பம்பு அடித்தேன். பந்தல் முனகிக்கொண்டு எழுந்து நின்றது.

கொஞ்சம் கோணல். இருக்கட்டும்.

மே 4, ஞாயிறு

கிளைவ் வந்திருக்கிறார்!

எங்கிருந்தோ ஒரு பழைய குட்டிக் கேரவன் வாங்கி, நாங்கள் வழக்கமாக வரும் இதே முகாமுக்கு, மூன்று வரிசை தள்ளி. அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டியது போல, அந்தக் குட்டி வண்டியில் எங்கள் பெரிய பந்தல் தொளதொளவென்று தொங்கியது. மதியம் என் வாசலுக்கு வந்தார்.

"ரோஸ், மஞ்சள் நாடா எந்தக் கம்பத்துக்கு?"

அடையாளத்துக்கு நாடா ஒட்டியவள் நான். "முன் மூலை."

"நீலம்?"

"நடு."

போகாமல் நின்றார். "சும்மா வந்து கொஞ்சம் பிடியேன். அஞ்சே நிமிஷம்."

என் கால் எழுந்துவிட்டது. சத்தியமாக, என்னைக் கேட்காமலே எழுந்துவிட்டது. கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டது.

"இல்ல கிளைவ்."

சாயங்காலம் மழையில் அவர் பந்தல் படுத்துவிட்டது. சொட்டச் சொட்ட வந்தார். உள்ளே வரச் சொன்னேன். காலை நன்றாகத் துடைத்துவிட்டு, விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தேநீர் கொடுத்தேன்.

"கத்தாமலேயா நிறுத்தின?"

"கத்தினேன். திருப்பிக் கத்த ஆள் இல்ல. சீக்கிரம் முடிஞ்சுது."

குவளையைக் கீழே வைத்தார். "நான் அவ்வளவா கத்தினேன்?"

பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

மே 6, செவ்வாய்

பந்தலை ஈரத்தோடு சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பையிலிருந்து வெளியே வந்தது எதுவும் திரும்பப் பைக்குள் போவதில்லை. இப்போது வேலி மேல் காய்கிறது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதோ என்று அக்கம்பக்கத்தார் நலம் விசாரிக்கிறார்கள்.

ஜூன் 20, வெள்ளி

ஸ்காட்லாந்து. ஒன்றரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். கோணல் இல்லை.

பக்கத்து இடத்துக்கு ஒரு தம்பதி வந்தார்கள். கம்பப் பந்தல். அந்த அம்மாள் ஒரு மூலையில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "தூக்கு! அவ்ளோ தூக்காதே! உனக்கு எத்தனை தடவை சொல்றது, ஜில்?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். தூறல் வேறு.

எதற்கு நமக்கு வம்பு என்று சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து போய், "தண்ணி கொதிச்சிருக்கு. ஒரு வாய் டீ குடிக்க வாங்களேன்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். துணிக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்த உருவத்தைப் பார்த்தாள். பிறகு, ரொம்ப நிதானமாக, கம்பத்திலிருந்து கையை எடுத்தாள்.