ஆந்தைகளுக்காக இரண்டு தரம் ஏலம் போன துவக்கு

மச்சான்,

இன்று காலை பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது கையில் கிடைத்த சஞ்சிகையைப் புரட்டினேன். நடுப்பக்கத்தில் ஒரு வேட்டைத் துப்பாக்கியின் படம். இரும்பெல்லாம் செதுக்கு வேலை, பளபளக்கும் மரப்பிடி. காட்டு விலங்குகளைப் பாதுகாக்கப் பணம் சேர்ப்பதற்காக அதை ஏலம் விடுகிறார்களாம். அவர்கள் எதிர்பார்க்கும் விலைக்கு ஸ்டுட்கார்ட்டில் பாதி வீடு வாங்கலாம். எனக்கு ஒரே சிரிப்பு. வலிக்கிற பல்லைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் கிழவனைப் பார்த்து, பக்கத்தில் இருந்த பெண் ஒரு கதிரை தள்ளி உட்கார்ந்துகொண்டாள். இப்படி ஒரு துவக்கை நீ அந்தக் காலத்து ஐந்து மார்க் காசுக்கு வென்றாய் என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்?

நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. இருந்திருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொண்டுவந்து காட்டி, வழக்கம்போல உன்னிடம் ஏச்சு வாங்கியிருப்பேன்.

எண்பத்தாறாம் ஆண்டு இலையுதிர்காலம். ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே, மலைமேல் இருந்த சின்ன ஊரின் அகதி விடுதியில் உனக்கும் எனக்கும் ஒரே அறை. வேலை செய்ய அனுமதி இல்லை, மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதி இல்லை. வேட்டைக்காரர் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை விழாவுக்குக் கதிரை அடுக்க ஆள் வேண்டும், மத்தியானச் சாப்பாடு உண்டு என்று விடுதிப் பொறுப்பாளர் வந்து கேட்டதும், இரண்டு பேருக்குமாக நானே ஓம் என்றுவிட்டேன். துவக்கும் வரும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ அறையை விட்டே இறங்கியிருக்க மாட்டாய்.

உன் வாழ்க்கையைக் கவிழ்த்ததே ஒரு துவக்குத்தானே. வவுனியாப் பக்கம் உன் வயலில் பன்றி இறங்காமல் காவல் காக்க ஒரு பழைய துவக்கு வைத்திருந்தாய். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தின் லைசன்ஸ் புத்தகத்தில் உன் பெயரும் கையெழுத்தும் இருந்தன. ஒருநாள் இயக்கப் பெடியள் வந்து துவக்கைக் கொண்டுபோனார்கள். அடுத்த மாதம் ஆமி வந்தது, அந்தப் புத்தகத்தைப் பார்த்து எழுதிய பட்டியலோடு. எங்கே துவக்கு என்று கேட்டால் இல்லாத துவக்குக்கு எங்கே போவாய்? பின்வேலியால் பாய்ந்தவன் ஜெர்மனி வரைக்கும் நிற்கவில்லை.

“பேரைப் புத்தகத்தில எழுதினா, ஒருநாளைக்கு ஆரோ அதைத் தூக்கிக்கொண்டு வீட்டை வருவாங்கள்” என்பாய். விடுதியில் சவர்க்காரம் எடுக்கக் கையெழுத்து வைப்பதற்குக்கூட என்னைத்தான் அனுப்புவாய். அகதியாக ஏற்கச் சொல்லிக் கேட்கும் அசூல் விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்த அன்று நீ சாப்பிடவே இல்லை. விழா நடந்தபோது அந்த விண்ணப்பத்துக்கான விசாரணைக்கு மூன்று வாரந்தான் இருந்தது. அங்கே நீ சொல்ல வேண்டியதும் இந்தத் துவக்குக் கதைதான்.

சாப்பாடு முடிந்ததும் மேடை மேசையில் பச்சைத் துணி விரித்து அதை வைத்தார்கள். அந்த ஊரில் துவக்குச் செய்கிற வெள்ளை மீசைக் கிழவர் இரண்டு குளிர்காலம் இருந்து தன் கையால் செதுக்கியது. ஒரு பக்கம் இலைகளுக்கு நடுவே மான், மறுபக்கம் பெரிய கண்ணோடு ஓர் ஆந்தை. விழாவுக்காக அதை இனாமாகக் கொடுத்திருந்தார். நீ பியர்க் கிளாஸ்களைத் துடைத்தபடி சுவரோரமாய்ப் போய், துவக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய்.

அவர்களுடைய ஏலம் வேறு மாதிரி. துணிக்குக் கீழே ஒரு அலாரம் மணிக்கூடு. அது எப்போது அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வேட்டைத் தொப்பி கைமாறிக்கொண்டே இருக்கும். விரும்பியவர் அதில் ஐந்து மார்க் போடலாம், போட்ட காசு திரும்பி வராது. மணி அடிக்கும்போது கடைசியாக யார் போட்டாரோ அவருக்கே பொருள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் விளக்கிய ஜெர்மன் எனக்குப் பிடிபடவில்லை. உனக்கு எந்த ஜெர்மனும் பிடிபடாது.

தொப்பி சுவரோரம் வந்து உன் முன்னால் நின்றது. கோயிலில் கற்பூரத்தட்டு முன்னால் வந்தால் வெறுங்கையோடு நிற்கிற ஆளா நீ? சிகரெட்டுக்கு வைத்திருந்த ஐந்து மார்க்கை எடுத்துப் பவ்வியமாகப் போட்டாய். கையைக் கண்ணில் ஒற்றப் போனாய். மணி அடித்தது.

மண்டபம் முழுக்கக் கைதட்டியது. இரண்டு பேர் உன்னைத் தோளில் தட்டி மேடைக்குக் கூட்டிப்போக, நான் பின்னால் ஓடினேன்.

“என்னடா செய்துபோட்டன்?”

“துவக்கு உனக்காம்.”

உன் முகம் சாம்பல் பூத்துப் போனது. கிழவர் சிரித்துக்கொண்டே ஒரு தடித்த பதிவுப் புத்தகத்தைத் திறந்து பேனையை நீட்டினார். துவக்கைத் தூக்கிப் பிடிக்கும்படி உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் கமெராவோடு சைகை காட்டினார்.

“நான் வைக்க மாட்டன், மச்சான். செத்தாலும் கையெழுத்து வைக்க மாட்டன்.”

“கத்தாதை. சிரிச்சுக்கொண்டு நில்.”

“மூண்டு கிழமையில விசாரணை. துவக்கோட என்ரை படம் பேப்பரில வந்தா, நான் சொல்லுறதை ஆர் நம்புவினம்?”

எனக்குத் தெரிந்த ஜெர்மனை எல்லாம் கொட்டி, இவருக்கு வேண்டாம், இவருக்குப் பயம் என்றேன். கடைசியாகப் போட்டவர் இவர்தானே, விதி விதிதான் என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். உன்னைக் கேட்காமல் ஓம் சொன்ன என் வாயை அப்போது நானே அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. உன் அசூல் இதனால் கெட்டால் அது என்னால்தான்.

நீயோ, எல்லாம் அந்த மணியால் வந்தது என்று பிடித்துக்கொண்டு, குனிந்து மணிக்கூட்டை எடுத்தாய். அதற்குச் சாவி கொடுத்தாய். பார்க்காமலே முள்ளைத் திருப்பித் திரும்பவும் துணிக்குக் கீழே வைத்தாய். பிறகு காசைத் துணியில் கொட்டிவிட்டு, வெறும் தொப்பியைக் கொண்டுபோய் விதி பேசிய அந்த மனிதரின் மடியில் வைத்தாய். கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய்.

முதலில் கிழவர்தான் புத்தகத்தை மூடினார். அடுத்த கணம் எல்லாருடைய சிரிப்பிலும் கூரை அதிர்ந்தது. தொப்பி இன்னொரு தரம் நிறைந்தது. கடைசியில் பக்கத்து ஊர் மாட்டு வைத்தியர் அம்மாவுக்குத் துவக்குப் போனது. பத்திரிகையில் வந்த படத்தில் உன் கையில் மணிக்கூடுதான் இருந்தது.

திரும்பி நடக்கும்போதுதான் கேட்டாய், “அந்தக் காசு ஆருக்காம்?”

“ஆந்தையளுக்கு. பாறையில கூடு கட்டுற பெரிய ஆந்தையளைக் காப்பாத்தவாம்.”

நடு வீதியில் நின்றுவிட்டாய். “ஆந்தைக்கோ? அலறினா ஆரோ சாகப்போகினம் எண்டு நாங்கள் கல்லெறிஞ்ச சாமானுக்கோ? என்ரை சிகரெட்டுக் காசெல்லோடா!” அந்த ஊருக்கு வந்த பிறகு நாங்கள் வயிறு நோகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த கிழமை கிழவர் விடுதிக்கு வந்து ஒரு கடிதம் தந்தார். தன் வாழ்நாளில் செய்த மிக நல்ல துவக்கைச் சும்மா கொடுத்தும் தொட மறுத்த மனிதர் இவர் என்று எழுதியிருந்தார். விசாரணையில் உன் கதையைச் சொல்லிவிட்டு அதையும் கொடுத்தாய். அதிகாரி வாசித்தாரோ என்னவோ, ஒன்றரை வருடத்தில் உன்னை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள்.

எண்பத்தொன்பதில் எனக்குக் கல்யாணம். பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்து இரண்டு வேண்டும். உன்னை வதைக்க மனமில்லாமல் வேறு ஒருவரைக் கேட்டுவிட்டேன். அதை அறிந்து வந்து வாசலில் நின்றபடியே பாய்ந்தாய்: “ஏன்ரா, நான் செத்துப்போனனோ?”

பதிவு அலுவலகத்தில் ஒவ்வொரு எழுத்தாக, முழுப் பெயரையும் எழுதினாய். பிறகு என் பக்கம் திரும்பி, “இந்தப் புத்தகத்தை எவ்வளவு காலம் வைச்சிருப்பினம் எண்டு கேள்” என்றாய். கேட்டேன். இவற்றை நாங்கள் எறிவதே இல்லை என்று அந்த அதிகாரி அம்மா பெருமையாகச் சொன்னார். தயங்கித் தயங்கி உனக்குச் சொன்னேன். நீ பேனையை மூடி வைத்தாய்.

“நல்லது. இருக்கட்டும்.”

நீ பயமில்லாமல் எழுதிய உன் பெயர் என் பெயருக்குக் கீழே இருக்கிறது. எனக்கு அது போதும், மச்சான்.