லூசியின் கோப்பை

எடிஸ்டோ தீவு, தென் கரோலினா
அக்டோபர் 22, 1865

அன்புள்ள டைட்டஸ்,

பட்டாளத்தில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? நான் சொல்லச் சொல்லப் பள்ளிக்கூட டீச்சரம்மா எழுதுகிறார். அதனால் கொஞ்சலை எதிர்பார்க்காதே.

யுத்தம் முடிகிற சமயத்தில் பட்டாளம் நமக்கு எழுதிக் கொடுத்த நிலத்தில் பருத்தி வெடித்து நிற்கிறது. விடியற்காலை மூட்டத்தில் எது பருத்தி, எது வானம் என்று தெரியவில்லை. நம்மை அடிமைகளாக வைத்திருந்த ஹார்ட்வெல் துரை நேற்று வந்து வரப்பில் நின்று அழுதார்.

"எல்லாம் பழையபடி ஆயிடும், பைனா."

"பழையபடி வேண்டாங்க."

நிலம் கைவிட்டுப் போய்விடுமா, டைட்டஸ்? நம் மகள் லூசி அந்த மண்ணுக்குள்தானே படுத்திருக்கிறாள்.

உன் மனைவியின் கைக்குறி: X

சார்ல்ஸ்டன்
நவம்பர் 9, 1865

என் பைனாவுக்கு,

நாட்டை மறுபடி கட்ட இரண்டு திட்டம் இருக்கிறதாம். ஜனாதிபதியின் திட்டத்தில், அரசாங்கத்தை எதிர்த்துச் சண்டை போட்ட துரைமார் விசுவாசப் பிரமாணம் எடுத்தால் போதும். மன்னிப்பும் உண்டு, நிலமும் திரும்பக் கிடைக்கும். நாடாளுமன்றத்தில் ஒரு கோஷ்டி, நமக்கு நிலமும் ஓட்டும் தரவேண்டும் என்கிறது. கூடாரத்தில் தினமும் இதே சண்டைதான்.

"ரெண்டுமே வெள்ளைக்காரன் போட்ட திட்டம்தான்டா," என்கிறான் கூடாரத்துச் சிப்பாய் மோசே.

நான் நாடாளுமன்றத்தை நம்புகிறேன். கனவில் நம் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் கெட்ட ஆவி அண்டாதபடி நீல வண்ணம் பூசியிருக்கிறது, கடல் வாசல்வரை வந்து திரும்பிப் போகிறது. கொஞ்சம் பொறுத்திரு. கூலி வேலைக்குத் துரை நீட்டும் ஒப்பந்தத்தில் மட்டும் கைக்குறி வைத்துவிடாதே. வைத்தால் அந்த வீட்டில் நான் கால் வைக்கமாட்டேன்.

டைட்டஸ்

எடிஸ்டோ தீவு
பிப்ரவரி 18, 1866

டைட்டஸ்,

துரை பிரமாணம் எடுத்துவிட்டார். நிலம் அவருக்கே போய்விட்டது. ஒப்பந்தம் செய்யாதவர்கள் தீவைவிட்டுப் போகவேண்டும் என்றார்கள். பாதிப் பேர் படகேறிவிட்டார்கள்.

நானும் மூட்டை கட்டினேன். லூசி கடைசியாகப் பால் குடித்த கோப்பையை உடைத்து அவள் தலைமாட்டில் வைத்தோமே, அதை எடுத்துப் போகலாமா என்று பார்த்தேன். சமாதியில் வைத்ததை எடுத்தால் குழந்தை உறங்காது. விட்டுப் போனாலோ அவள்மேல் ஏர் ஓடும்.

அந்த மூலையை உழக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொன்னேன். "அவ்வளவுதானா?" என்று துரை சிரித்தார். குறி வைத்துவிட்டேன். உன் இரண்டு திட்டத்திலும் லூசிக்கு இடமில்லை, டைட்டஸ். எனக்குக் கோபம்தான், உன்மேலும்.

டீச்சரம்மா எனக்கு எழுதச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். இது என் கையெழுத்து. துரையின் காகிதத்தில் வெறும் பெருக்கல் குறிதான் போட்டேன்; எனக்கு எழுதத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. என் பெயரை முதன்முதலாக உனக்குத்தான் எழுதுகிறேன்.

ஜன்னலுக்கு நீலம் பூசிவிட்டேன். வருவாயா?

பைனா