கேட்டவர் பெயர்

இன்று காலை ஒரு மாணவனின் கட்டுரையைத் திருத்த எடுத்தேன். பிரித்ததுமே ஏரிச் சேற்றின் வாடை அடித்தது. யுத்தத்தால் தாளுக்குப் பஞ்சம். பையன் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தான். முகர்ந்து பார்த்தேன். மை வாடை வரவேண்டிய இடத்தில் பாரிவாக்கம் ஏரி வந்தது. உடனே உன் ஞாபகம் வந்தது.

நாம் இருவரும் பூந்தமல்லியிலிருந்து பட்டணத்துக் கல்லூரிக்குப் போய்வந்த காலத்தில் அடிக்குறிப்பு என்றாலே எனக்கு வேப்பங்காயாகக் கசக்கும். நீ அப்படியில்லை. ஒரு சேதி எழுதினாலும் அடியில் கோடு போட்டு, சொன்னவர் பெயர், கேட்டவர் பெயர், இடம், வேளை எல்லாம் குறிக்காமல் பேனாவை மூடமாட்டாய். "சொன்னவன் பேரு போடாம எழுதறது, அடுத்தவன் தோட்டத்துல கத்திரிக்கா பறிக்கிறாப்பல, மச்சான்" என்பாய். கேட்டவர் பெயர் எதற்கு என்றால், "நாளைக்கு எவனாச்சும் சந்தேகப்பட்டா யாராண்ட போய்க் கேப்பான்? நம்மாண்டதானே வரணும்" என்பாய். அந்தக் கறார்தான் உன்னைக் கொண்டுபோயிற்று என்று இன்றும் நம்புகிறேன்.

அன்று ஏரியைப் பற்றிய உன் கட்டுரைக்காகக் கரைமேல் நடந்தோம். உச்சி வெயில். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டு நான் பின்தங்கினேன். மதகடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் வேட்டி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அந்தக் கோடையில் மதகடியில் கால் நனைக்கக்கூடத் தண்ணீர் இல்லை. நீ அவரருகே குந்தி, முன்பு ஏரி உடைந்த கதையைக் கேட்டு எழுதிக்கொண்டாய். எழுந்து வந்தபோது உன் முகமெல்லாம் சிரிப்பு.

"பேரு முனுசாமியாம்" என்றாய்.

அந்த அம்மாள் செம்பைக் கீழே வைத்துவிட்டாள். "ஏரி ஒடைஞ்சப்போ அடைக்கப் போயி செத்தவருதான் முனுசாமி. உச்சி நேரத்துல மதகாண்ட குந்திகினு கீறவங்கள பேரு கேக்கக் கூடாது, நைனா. நீ கேட்டா அவுங்களும் கேப்பாங்க. உன் பேரைச் சொல்ட்டியா?"

"கேட்டாரு, சொன்னேன். மரியாதைதானே?"

திரும்பிப் பார்த்தோம். மதகடியில் ஈரத் தடம் மட்டும் இருந்தது.

முனுசாமி பெயர் போட்ட அடிக்குறிப்பைப் பேராசிரியர் அடித்துவிடச் சொன்னார். செத்தவரைச் சாட்சி வைத்தால் கட்டுரை தேறாது என்றார். 'ஊரார் சொல்வது' என்று எழுதித் தொலையேன் என்று நானும் கெஞ்சினேன். "ஊராரா சொன்னாங்க? அவருதானே சொன்னாரு" என்று ஒரே பிடியாக நின்றாய். கட்டுரை தேறவில்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் உனக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சலில், யாரோ கேட்பதற்குப் பதில் சொல்வதுபோல, உன் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னாய். நான் உன் வாயைப் பொத்தினேன். பயனில்லை. விடிவதற்குள் நீ போய்விட்டாய்.

இன்றைய கட்டுரையின் பொருளும் அதே ஏரிதான். எழுதியவன் கரையான்சாவடிப் பையன். அடிக்குறிப்பில் சொன்னவர் என்று உன் பெயர் இருந்தது. கேட்டவர் என்று அவன் பெயர். இடம் மதகடி, வேளை உச்சி. அவனைக் கூப்பிட்டு, இவர் யார் என்று கேட்டேன்.

"தெரியாது சார். மதகாண்ட குந்திகினு இருந்தாரு. வேட்டியெல்லாம் ஈரம். பேரு போடாம எழுதிடாதேன்னு அவரே சொன்னாரு சார்."

"உன் பேரைக் கேட்டாரா?"

"கேட்டாரு. சொன்னேன்."

இருமிக்கொண்டே போனான். அவன் வீட்டுக்கு ஒரே பிள்ளை, மீசைகூட இன்னும் சரியாக முளைக்கவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அங்கே பேச்சுத் துணைக்கு ஆள் இல்லையோ என்னவோ. இங்கே எனக்கும் இல்லைதான். அதற்காக இந்தப் பையனையா கூப்பிடுவாய்?

அவன் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு, கேட்டவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். உன்னோடு பழகிய நாள்முதல் நான் எழுதிய ஒரே பொய்க் குறிப்பு இது. நீ சண்டைக்கு வருவாய் என்று தெரியும். ஆனால் பொய்யாகவே விட்டுவைக்க எனக்கும் மனம் வரவில்லை. அந்தப் பழக்கம் உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது, இன்னும் போகவில்லை. நாளை உச்சிக்கு மதகடிக்கு வருகிறேன். நீ சொல், நான் கேட்கிறேன். குறிப்பு மெய்யாகிவிடும். என் பெயரை மட்டும் கேட்கவேண்டாம், உனக்குத்தான் தெரியுமே.