கிளட்ச் இல்லாத உன் கார்

இன்று காலை காரின் பின்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஸ்பேர் டயருக்கு அடியில் ஒரு சிலிப்பர் கிடைத்தது. இடது காலுக்கு உரியது. புத்தம் புதியது, விலைச்சீட்டுகூட உரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மெர்லிமாவ் பாசாரில் நீ வாங்கிய ஜோடியில் ஒன்று. வலதை மாட்டிக்கொண்டு இடதைக் காரின் பின்பெட்டிக்குள் வீசினாய். "ஒத்தச் சிலிப்பர் எவனும் விக்க மாட்டேங்கிறான்லா. காடியில கெடக்கட்டும், அதுக்காவது ஒதவும்" என்றாய். அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். இன்று அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தரையிலேயே குந்தியிருந்தேன்.

உன் கார் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. எப்படி வந்தது என்று உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. நீ கேட்டால் திட்டுவாய். திட்டு.

செலண்டார் பக்கத்து எஸ்டேட்டில் நம் வீடுகளுக்கு நடுவே ஒரு வேலிதான். நீ செம்பனைக் குலை லோரி ஓட்டப் போனாய். நான் மெர்லிமாவில் கார்களுக்குச் சாயம் அடிக்கும் பட்டறையில் சேர்ந்து அங்கேயே குடிபோனேன். உன் கல்யாணத்துக்கு முந்தின மாதம் யாரோ ஓட்டித் தேய்த்த இந்தச் செடானை வாங்கி வந்தாய். எஸ்டேட் மேட்டில் இரண்டாவது கியரைப் போட்டு, அது உறுமும்போது என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய். பிறகு லோரியே உன் வீடாகிப்போக, கார் உன் வீட்டுப் பின்புறம் ரம்புத்தான் மரத்தடியில் கான்வாஸைப் போர்த்திக்கொண்டு பல வருடம் படுத்துக் கிடந்தது. அடித்தகடு துருவேறி, சீட்டுக்குள் எலி குடித்தனம் நடத்தியது.

இனிப்பு நீர் நோய் உன் இடது காலை எடுத்துக்கொண்ட பிறகுதான் அந்தக் கான்வாஸை விலக்கினோம். லோரி வேலை போனது. சிறுநீரகமும் கைவிட, வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்து வேன் உன்னைக் கூட்டிப்போனது. அந்த வேனை நீ வெறுத்ததுபோல் வேறு எதையும் வெறுத்து நான் பார்த்ததில்லை. "மூட்ட மாதிரி ஏத்துறானுங்க, மூட்ட மாதிரி எறக்குறானுங்க. இருவது வருசம் குல ஏத்துனவன்டா நான். இப்ப நானே குல" என்றாய். உனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. உன் காரை நீயே ஓட்டிக்கொண்டு அங்கே போய் இறங்க வேண்டும். கிளட்ச் மிதிக்க இடது கால் இல்லை. ஆட்டோ கியர் போட்டால் வலது கால் போதும்.

கையில் இருந்த சொற்பத்துக்குப் பழைய கார்களை வெட்டி உதிரியாக விற்கும் பொத்தோங் கடைகள்தான் கதி. ஞாயிறுதோறும் என் காரில் உன்னை ஏற்றிக்கொண்டு ஜாசின் பக்கமெல்லாம் அலைந்தேன். ஒருநாள் போகிற வழியில் திடீரென்று சிரித்தாய். "நீ கிளட்ச் மிதிக்கிறப்பல்லாம் என் இல்லாத காலும் சேந்து மிதிக்குதுடா மச்சான்." மூன்றாவது மாதம் ஒரு கடையின் பின்புறம், எண்ணெய் ஊறிய மண்ணில், உன் காருக்குப் பொருந்தும் ஆட்டோ கியர்பாக்ஸ் கிடைத்தது. நீ குழந்தையைத் தடவுவதுபோல் அதைத் தடவினாய். எனக்கு முகம் விழுந்துவிட்டது. அதை நீயும் கவனித்தாய்.

"ஆட்டோ போட்டா இது ஒன் காடியே இல்லடா. அந்தச் சத்தமே போயிரும்" என்றேன்.

நீ கியர்பாக்ஸிலிருந்து கையை எடுத்தாய். பிறகு, "அப்ப ரெண்டு கால் இருந்தப்பதான் நான் நானா இருந்தேனா?" என்று கேட்டாய்.

சரி என்று கியர்பாக்ஸை வாங்கி, அரிசிச் சாக்கில் சுற்றி என் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் ஓரமாக வைத்தேன்; உன் காரையும் அங்கேயே இழுத்து வந்தேன். "மொதல்ல சாயத்த முடிச்சிரலாம், அப்புறம் கியர ஏத்துவோம்" என்றேன். காரைத் திருத்துகிற எவனும் முதலில் ஓட வைப்பான், பிறகுதான் அழகு பார்ப்பான். சாயக்காரன் நான் தலைகீழாகச் செய்தேன்.

நாலு மாதம். கதவு ரப்பருக்கு அடியில் வெயில் படாமல் மிஞ்சியிருந்த பழைய நிறத்தைக் கண்டுபிடித்து, வெள்ளியில் நீலத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து அதே நிறத்தைக் கொண்டுவந்தேன். பட்டறையில் மிஞ்சிய சாயம்தான், செலவில்லை. முன்மூடியை மட்டும் மூன்று தடவை சுரண்டி அடித்தேன். நீ போன் செய்து "கியர் ஏத்தியாச்சா?" என்பாய். நான் பளபளக்கும் கதவைப் படம் எடுத்து அனுப்புவேன். "நல்லாருக்கு மச்சான். ஆனா பெயிண்டு ஓட்டாதுடா" என்று பதில் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் மனைவியை, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவளை, மோட்டார் சைக்கிளில் கூட்டிவரச் சொல்லி, கட்டையை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாய். ஓட்ட வேண்டாம், சும்மா ஸ்டேரிங் பிடித்து உட்கார்ந்து பார்க்கிறேன் என்றாய். சாயம் காயவில்லை என்றேன். காய்ந்துதான் இருந்தது. மேலும் ஒரு சாக்கு வேண்டுமே என்று, "பூச போட்டு எலுமிச்சம்பழம் நசுக்காம ஸ்டேரிங்ல கை வைக்கக்கூடாதுலா" என்றும் சொன்னேன்.

"என் கால எடுக்கிறப்ப எவன்டா பூச போட்டான்?" என்றாய்.

அவ்வளவுதான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணிநேரம் காரைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாய்.

உண்மையைச் சொல்கிறேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்தக் கியர்பாக்ஸை ஏற்ற எனக்கு மனமே வரவில்லை. மேட்டில் கண்ணடித்தவனை எனக்குத் திரும்ப வேண்டியிருந்தது. கிளட்சைக் கழற்றினால் அவன் வரவே மாட்டான் என்பதை நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். என் பயத்துக்கு உன் நாட்களை எடுத்துச் செலவழித்திருக்கிறேன்.

அடுத்த வாரமே உனக்குக் காய்ச்சல் கண்டது. கால் வெட்டிய இடத்துப் புண்ணில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் நீ என்னிடம் காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம். நாலாவது நாள் நீ போய்விட்டாய். கடைசியாகவும் ஒரு வேனில்தான் உன்னை ஏற்றினோம், ஆறு பேர் சேர்ந்து. நானும் ஒரு கை பிடித்தேன்.

கருமக்கிரியை முடிந்த பிறகு, பக்கத்து மலாய்க் கம்பத்து மெக்கானிக்கை, எல்லாரும் அபாங், அண்ணன் என்று கூப்பிடுகிறவரை, அழைத்துக் கியர்பாக்ஸை ஏற்றினேன். எத்தனை நாள் பிடித்தது தெரியுமா? இரண்டு ஞாயிறு. இரண்டே ஞாயிறு. இவ்வளவு நாள் ஏன் வைத்திருந்தாய் என்று அபாங் கேட்டபோது, கை கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

வண்டியைக் கொண்டுபோய் உன் வாசலில் நிறுத்தினேன். தங்கச்சி நாலு எலுமிச்சம்பழம் எடுத்து வந்து சக்கரங்களுக்கு அடியில் தானே வைத்தாள். சாவியை நீட்டினேன். "நீங்களே வச்சிக்கிங்க அண்ணே. அவரு எறங்காத காடி வாசல்ல நின்னா என்னால பாக்க முடியாது" என்றாள். ஸ்டேரிங் பின்னால் உட்கார்ந்து பழங்களை நசுக்கியது நான்தான்.

ஒரு வருடம் ஆகிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் வண்டி மெதுவாகும்போது என் இடது கால் தானாக எழுந்து கிளட்சைத் தேடுகிறது. அங்கே தரை விரிப்பு மட்டும்தான். நாளாக நாளாகப் பழகிவிடும் என்று அபாங் சொன்னார். பழகவில்லை. இல்லாத கால் மிதிக்கிறது என்று நீ சொன்னாயே, இருக்கிற கால் இல்லாததை மிதிப்பதும் அப்படித்தான் இருக்கிறது.

கார் தயாரானதும் முதலில் லூபோக் சீனா வரை ஓட்டிப்போக வேண்டும் என்பாயே, இன்று அங்கே போகலாம் என்று கிளம்பினேன். கிளம்புமுன் உன் சிலிப்பரை என் இடது காலில் மாட்டிப் பார்த்தேன். ஒரு விரல் அளவு பெரிது. கழற்ற மனம் வரவில்லை, அப்படியே வண்டியை எடுத்தேன். முதல் சிவப்பு விளக்கு வந்தது. வலது கால் பிரேக்கை அழுத்தியது. இடது கால் எழுந்தது. உன் சிலிப்பர் வெறும் தரையை அடிவரை மிதித்தது.