பதினேழாம் நம்பர் பைல்

கோபம் வந்தாலும் என்னிடம் முகத்தைத் திருப்பத் தெரியாத என் தெய்வானை மதினிக்கு,

நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. காரியமெல்லாம் குறையில்லாமல் முடிந்தது. பதினாறாம் நாள் நம் லயத்து வரிசை வீட்டுப் பொம்பளைகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாத்தனான்னா ஒன்னைய மாதிரி இருக்கணும் அஞ்சல, தெய்வானைக்கு என்ன கொற வச்ச?" என்று அழுதார்கள். நானும் சேர்ந்து அழுதேன். எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருக்கிறது. நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. வாயாடி அஞ்சலைக்கு வாய் வரவில்லை என்றால் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாராவது நம்புவார்களா?

என் சிங்களம் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். கீழே கிராமத்துக் குசுமாவதியிடம் பலாக்காய் வாங்கப் போய், அவளோடு விலைக்குச் சண்டை போட்டு, அவள் பிள்ளை பெற்றபோது பக்கத்தில் நின்று, அப்படியே ஒட்டிக்கொண்ட பேச்சு அது. அண்ணன் உயிரோடு இருந்தபோது, "எந்தங்கச்சி சிங்களத்துல சண்ட போட்டா கொழும்புக்காரனும் ஓடிருவான்" என்று கேலி செய்வாரே. பேச்சு மட்டும்தான் மதினி. சிங்கள எழுத்து ஒன்றுகூட எனக்குத் தெரியாது. நான் படித்ததெல்லாம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புத் தமிழ்.

பேசுகிறவளுக்கு வாசிக்கவும் வரும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நான் ஒருநாளும் இல்லை என்று சொல்லவில்லை. சிங்களம் மட்டும்தான் அரசாங்க மொழி என்று சட்டம் வந்த பிறகு என் மவுசு இன்னும் ஏறிப்போனது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும், பொலிசுக்குப் போகிறவர்களும் முதலில் நம் ஒற்றையறைக் காம்பிராவுக்குத்தான் வந்தார்கள். தோட்டத்துக்கே வாய் அடைத்துப்போன நேரத்தில் எனக்கு மட்டும் கொண்டாட்டம். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

சிங்களத்தில் ஏதாவது கடுதாசி வந்தால், "வேலை முடிஞ்சு வந்து நிதானமா வாசிக்கிறேன்" என்று வாங்கி மடியில் வைத்துக்கொள்வேன். சாயங்காலம் குசுமாவதி வீட்டுக்கு ஓடி, அவள் புருஷனிடம் காட்டிக் கேட்டு வந்து சொல்வேன். இத்தனை வருஷமும் என் படிப்பு அவ்வளவுதான்.

வேலைக்கு முன்னால் எல்லாரும் கூடி நிற்கும் அந்தக் காலைப் பெரட்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆளுக்கு மலை பிரித்துக் கொடுத்து முடிந்ததும் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா உங்கள் பெயரைக் கூப்பிட்டார். "தெய்வானை, ஒனக்கு சர்க்கார் கடுதாசி வந்திருக்கு. ரெஜிஸ்டர் பண்ணது." நீங்கள் அதோடு வந்த ரசீதில் பெருவிரல் வைத்து வாங்கினீர்கள். அண்ணன் செத்த பிறகு நீங்கள் தனியாக ஓடியாடிப் போட்ட பிரஜாவுரிமை மனுவுக்கு வந்த பதில் அது. உங்கள் மகள் பாக்கியம் பள்ளிக்கூடத்தில் அனா ஆவன்னா எழுதிய காலத்தில் போட்ட மனுவுக்கு, அவள் கூடை மாட்டிக் கொழுந்து எடுக்க வந்த பிறகுதான் பதில் வந்தது.

"அஞ்சல, வாசி புள்ள" என்று நீட்டினீர்கள். எழுபது எண்பது பேர் கூடையோடு சுற்றி நின்றார்கள். கண்டாக்கு ஐயாவும் நின்றார். "அப்புறமா வாசிக்கிறேன்" என்றேன். அவர் விடவில்லை. "ஏன், இப்ப வாசியேன். ஒனக்குத் தெரியும்னுதானே சொல்றாங்க?" என்றார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குத்தான் நான் உங்களைப் பலி கொடுத்தேன்.

கடுதாசியைப் பிரித்தேன். எல்லாம் உருண்டை உருண்டையாக ஓடியது. எனக்குப் புரிந்தது இரண்டே இரண்டு இலக்கம். ஒரு இடத்தில் பதினேழு, அதற்குப் பக்கத்தில் ஒன்பது. தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய வக்கீல் மாதிரி சொன்னேன்: "ஒங்க மனு பதினேழாம் நம்பர் பைல்ல பத்திரமா இருக்காம் மதினி. ஒம்பது மாசத்துல கூப்பிடுவாங்களாம். அதுவரைக்கும் இந்தக் கடுதாசியைத் தொலைக்காம வச்சிருக்கணுமாம்."

நீங்கள் கடுதாசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். கூட்டமே சந்தோஷப்பட்டது. அன்று சாயங்காலமாவது குசுமாவதி வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் சொன்னது தப்பு என்று தெரிந்தால் மறுநாள் மாற்றிச் சொல்ல வேண்டி வருமே என்று, போகாமலேயே இருந்துவிட்டேன்.

பதினேழு என்பது தேதி, மதினி. ஒன்பது என்பது காலை ஒன்பது மணி. விசாரணைக்கு வரச்சொல்லி எழுதியிருந்தார்கள். அந்தப் பதினேழாம் தேதி ஒன்பது மணிக்கு நாம் இரண்டு பேரும் ஒரே நிரையில் நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். மழை தூறியது. அட்டை ஏறிய உங்கள் காலுக்கு நான்தான் சுண்ணாம்பு தடவிவிட்டேன். எவ்வளவு அக்கறை பாருங்கள்!

இரண்டு மாதம் கழித்து மனு தள்ளுபடி என்று இன்னொரு கடுதாசி வந்தது. இதைத் தோட்டத்து ஆபீசில் புதிதாக வந்த சின்னக் கிளாக்கரே வாசித்துச் சொல்லிவிட்டார். ஒன்பது மாதம் ஆகவில்லையே, எங்கோ பிசகு நடந்திருக்கிறது, நேரில் போய்க் கேட்டால் தெரியும் என்று நீங்கள்தான் என்னைக் கிளப்பினீர்கள். அட்டனில் பஸ் ஏறிப் பிரஜாவுரிமை ஆபீசுக்குப் போனோம்.

அந்த மேசை, அந்த ஆபீசர் மாத்தயா, அவர் மூக்குக் கண்ணாடி எல்லாம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நல்ல மனுஷர். பைலைப் புரட்டிவிட்டுச் சிங்களத்தில் என்னிடம் கேட்டார்: "பதினேழாம் தேதி காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தோமே, இவர் ஏன் வரவில்லை?"

அந்த நிமிஷம்தான் எனக்கு விஷயம் புரிந்தது. நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "என்னவாம் அஞ்சல?" என்றீர்கள். "ஏன் இவ்வளவு நாள் கழிச்சு வந்தீங்கன்னு கேக்குறாரு மதினி" என்றேன்.

"வந்த கடுதாசியப் பத்திரமா வச்சிருக்கேன், கூப்பிடுவாங்கன்னுதான் காத்திருந்தேன்னு சொல்லு" என்று சொல்லிக்கொண்டே நீங்கள் மடியை அவிழ்க்கப் போனீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்து அழுத்தினேன். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கண்ணைக் காட்டினேன். நீங்கள் என்னை நம்பிக் கையை எடுத்துவிட்டீர்கள்.

மாத்தயா இன்னொன்றும் கேட்டார். அதை உங்களுக்கு நான் சொல்லவே இல்லை. "கடிதத்தை இவருக்கு யாராவது தப்பாக வாசித்துக் காட்டினார்களா? அப்படியென்றால் அந்த ஆள் வந்து வாக்குமூலம் கொடுக்கட்டும். வேறு தேதிக்கு எழுதிப் பார்க்கிறேன்."

அந்த ஆள் அவர் முன்னால்தான் நின்றாள். என்ன சொன்னேன் தெரியுமா? "கடிதம் கைக்கு வரவே இல்லை என்று சொல்கிறார்" என்றேன்.

அவர் பைலிலிருந்து அந்த ரசீதை எடுத்துத் திருப்பிக் காட்டினார். உங்கள் பெருவிரல் ரேகை. பிறகு உங்களை ஒரு பார்வை பார்த்தார். "இந்த அம்மா பொய் சொல்கிறார்" என்று சொல்லிவிட்டு, அதையே எழுதினார். அவர் என்ன எழுதுகிறார் என்று தெரியாமல் நீங்கள் அவரைப் பார்த்துச் சிரித்து, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டீர்கள்.

வெளியே வந்து, "அவங்க ஆபீசுலதான் பைலத் தொலைச்சிட்டாங்களாம் மதினி" என்றேன். உங்களுக்கும் மாத்தயாவுக்கும் நடுவில் இருந்த ஒரே வாய் என்னுடையது. அதை வைத்து அந்தப் பக்கமும் பொய், இந்தப் பக்கமும் பொய். பஸ் வரும்வரை கடையில் எனக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, "நீ இல்லேன்னா நான் ஊமையால்ல நின்னுருப்பேன்" என்றீர்களே. அந்தத் தேத்தண்ணி எனக்கு எப்படி உள்ளே இறங்கியது?

சாகும்வரை நீங்கள் ஆபீசைத்தான் வைதீர்கள். எந்த நாட்டுக்காரி என்று எழுதாமலேயே உங்களை மண்ணில் வைத்தோம். உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருந்ததா மதினி? ஒரு தடவையாவது?

இப்போது உள்ள சேதியைச் சொல்கிறேன். இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பெரியவர்களும் பேசி, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று நம்மைப் பங்கு போட்டுக் கையெழுத்தும் வைத்துவிட்டார்கள். இறம்பொடைப் பக்கம் சில குடும்பத்தார் இந்தியா போக இப்போதே சட்டிபானையை விற்கிறார்களாம். பாக்கியமும் அவள் புருஷனும் இங்கேயே இருக்கத்தான் எழுதிப்போடப் போகிறார்கள். "நான் பாக்காத ஊருக்கு எதுக்கு அத்தே போகணும்? அம்மாவ இங்கதானே பொதைச்சிருக்கு" என்கிறாள்.

அவளுடைய மனுவில் உங்கள் பழைய மனுவைப் பற்றியும் எழுத வேண்டுமாம். போன கிழமை வந்து கேட்டாள்: "அம்மா மனு ஏன் அத்தே தள்ளுபடி ஆச்சு? வெசாரணைக்குப் போகலையாமே? கிளாக்கர் ஐயா சர்க்கார் ஆபீசுல கேட்டு சொன்னாரு. ஏன் போகல?"

நான் என்ன சொன்னேன் என்று கேளுங்கள். "அன்னைக்கு ஒங்கம்மாவுக்குக் காச்சல் தாயி" என்றேன். செத்துப்போன உங்கள் தலையிலேயே போட்டேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு, "அடுத்த வெள்ளிக்கெழம ஆபீசுக்கு நீங்கதான் வரணும். ஒங்கள விட்டா எங்களுக்கு யாரு பேசுவாங்க?" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று டவுனுக்குப் போய்க் காசிம் நானாவைப் பார்த்தேன். நாம் துணி எடுக்கும் கடைக்காரர்தான். அவருக்குச் சிங்களம் எழுதவும் வாசிக்கவும் வரும். வெள்ளிக்கிழமை எங்களோடு வர முடியுமா என்று கேட்டேன். "என்னா அஞ்சல, ஒங்களுக்குமா ஆள் வேணும்? ஒங்க சிங்களம் எனக்கே வராதே" என்று சிரித்தார்.

"பேசுறது நாந்தான் நானா. நான் பேசுறத அப்படியே பாக்கியத்துக்குத் தமிழ்ல சொல்ல ஒரு ஆள் வேணும். எம்மேல எனக்கே நம்பிக்க இல்ல" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, வருகிறேன் என்றார்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் பாக்கியம் சாப்பிட வருவாள். சோறு போடுவதற்கு முன்னால் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு அவள் என் கையால் சாப்பிடுவாளா, அத்தை என்று கூப்பிடுவாளா, எனக்குத் தெரியாது. சொன்னால் மூடிய பைல் திறக்குமா என்றும் தெரியாது. உங்களிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை மதினி. கேட்டால் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் செய்வேன். வெள்ளிக்கிழமை அந்த மேசைக்கு முன்னால் நின்று, அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்வேன்: "மட்ட கியவன்ன பே." எனக்கு வாசிக்கத் தெரியாது. தெய்வானை பொய் சொல்லவில்லை, அவருக்காகப் பேசியவள்தான் சொன்னாள், அப்படியே எழுதுங்கள் என்பேன். எழுதியதை நானா ஒரு வரி விடாமல் பாக்கியத்துக்கு வாசித்துக் காட்டட்டும். அவள் காதால் கேட்டு முடித்த பிறகு, அதற்குக் கீழே என் பெயரை எழுதுவேன்.

உங்கள் புருஷனோடு கூடப்பிறந்தவள்,
உங்கள் நாத்தனா அஞ்சலை